பக்கத்துக் கோவிலுக்கு நான் போக மாட்டேன்

வேல்ஸ் நாட்டில் கைவிடப்பட்ட கிறிஸ்தவக் கோவில், அதாவது சேப்பல் ஒன்றைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். தெற்கே ஏதாவது ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பேருந்தை விட்டு இறங்கினால் போதும். மழை பெய்துகொண்டிருக்கும். ஒதுங்க இடம் தேடி நாலு எட்டு வைத்தால், முக்கோண நெற்றியும் வளைந்த நெடுஞ்சன்னல்களுமாக ஒரு கட்டடம் எதிரே நிற்கும். சன்னல்களுக்குப் பலகை அடித்திருப்பார்கள். கூரை விளிம்பில் செடி முளைத்திருக்கும். 'விற்பனைக்கு' என்று வாசலில் ஒரு தட்டி. அதன் எழுத்தும் வெளுத்துப்போயிருக்கும். எதிர்ச்சாரியில் இன்னொரு சேப்பல், இப்போது தரைவிரிப்புக் கடை. தெருமுனையில் மூன்றாவது, அது இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

உள்ளே போகும் அவசரத்தில் நெற்றிக் கல்லைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். மேலே பெயர் இருக்கும்: பெத்தேல், எபெனேசர், சீயோன், சாலேம், ஓரேப், எர்மோன், இந்த வரிசையில் ஒன்று. வேதாகமத்தில் வரும் மலை, குளம், பட்டணம் எதையும் வேல்ஸ்காரர்கள் விட்டுவைக்கவில்லை. சில இடங்களில் ஊருக்கு முன்பே கோவில் வந்துவிட்டது. வடக்கே கல்குவாரித் தொழிலாளிகள் 1820இல் பெதஸ்தா என்று ஒரு சேப்பல் கட்டினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஊர் வேறு பெயர் தேடி அலையாமல் அதையே வைத்துக்கொண்டது. கார்மார்தன்ஷயரில் ஒரு பெத்லகேம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஊர் முத்திரைக்காக வாழ்த்து அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

பெயருக்குக் கீழே ஆண்டுகள். கட்டியது 1811, பெரிதாக்கியது 1839, இடித்துக் கட்டியது 1867 என்கிற ரீதியில் போகும். படிப்பவர், 'ஆகா, எத்தனை பக்தி! அறுபது ஆண்டுக்குள் மூன்று முறை கட்டியிருக்கிறார்களே' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கொஞ்சம் பொறுங்கள். எதிர்ச்சாரி சேப்பலின் கல்லையும் படித்துவிட்டு வாருங்கள். அவன் 1838இல் பெரிதாக்கியிருப்பான், 1866இல் இடித்துக் கட்டியிருப்பான். இப்போது கணக்கு சரியாகிவிடும்.

வேல்ஸ்காரர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. கப்பல் உடைந்து தனித்தீவில் பல வருடம் கிடந்த ஒரு வேல்ஸ்காரனை மீட்க ஆள் வந்தது. தீவில் அவன் தன் கையாலேயே இரண்டு சேப்பல் கட்டி வைத்திருந்தான். "ஒற்றை ஆளுக்கு எதற்கப்பா இரண்டு?" என்று கேட்டார்கள். "இது நான் போகிற கோவில். அது, செத்தாலும் நான் கால் வைக்காத கோவில்" என்றானாம்.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது வரலாறாகவே படுகிறது. வேல்ஸ் சேப்பல்களைக் கட்டியதில் பக்திக்கு எத்தனை பங்கோ, வீம்புக்கும் அத்தனை பங்கு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே எட்டு நாளைக்கு ஒரு சேப்பல் வீதம் எழும்பியதாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். வேல்ஸ்காரன் ஏழாம் நாள் பிரசங்கம் கேட்டு, யாரோடாவது மனஸ்தாபப்பட்டு, எட்டாம் நாள் புதுக் கோவிலைத் திறந்துவிட்டான். 1851இல் நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். அதற்குள் சேப்பல் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ரோண்டா என்ற ஒரே சுரங்கப் பள்ளத்தாக்கில் 1905இல் 151 சேப்பல்கள், எண்பத்தையாயிரம் பேருக்கு இருக்கை. அங்கே குடியிருந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். கைக்குழந்தை, படுக்கையில் கிடப்பவர், சுரங்கத்தில் வேலையாய் இருப்பவர், சாராயக்கடையில் இருப்பவர் எல்லோரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றரை இருக்கை தேறும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோஷ்டி இலக்கணம் படித்தாக வேண்டும். 'சர்ச்' என்றால் அன்றைய அரசாங்க மதமான ஆங்கிலிக்கன் சபை. அதில் பண்ணையார், அவர் நியமித்த பாதிரியார், பண்ணையார் வீட்டு வேட்டை நாய் ஆகியோர் உறுப்பினர். மற்ற சனம் போனது 'சேப்பல்'. 1851 மார்ச் 30 ஞாயிறன்று அரசாங்கம் கோவில் கோவிலாக ஆளெண்ணிப் பார்த்தபோது, வேல்ஸில் வழிபட வந்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் சேப்பல்காரர்கள் என்று தெரிந்தது. சேப்பல்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அவர்கள் ஒரே கட்சி அல்ல. கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட் சொல்வது: மோட்சத்துக்குப் போகிறவர்கள் பட்டியலைக் கடவுள் உலகம் உண்டாகும் முன்பே எழுதி மூடிவிட்டார், ஆனாலும் நீ ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்துவிட வேண்டும். வெஸ்லியன்: பட்டியல் இன்னும் மூடவில்லை, ஓடி வா. பாப்டிஸ்ட்: பட்டியல் கிடக்கட்டும், முதலில் ஆற்றில் முங்கு, ஜனவரியானாலும் சரி. இண்டிபெண்டன்ட்: எங்களுக்கு மேலே ஆயரும் இல்லை, மாநாடும் இல்லை, ஒவ்வொரு சபையும் தனி ராஜ்ஜியம். இவர்களோடு யூனிடேரியன் என்று ஒரு சிறுபான்மை. கடவுள் மூவரல்ல, ஒருவரே என்பது அவர்கள் கட்சி. தைவி ஆற்றுப் பக்கம் அவர்கள் அடர்ந்திருந்த வட்டாரத்துக்கு மெதடிஸ்டுகள் வைத்த பெயர் 'கரும்புள்ளி'.

இந்தக் கோட்பாட்டுப் பிளவு போதாதென்று ஒரே கோட்பாட்டுக்குள்ளும் பிளவு. புதுப் போதகரை யார் தேர்ந்தெடுப்பது, பாட்டுக்கு ஆர்மோனியம் வைக்கலாமா, நற்கருணையில் புளித்த ரசமா, புளிக்காத சாறா? ஒரு கேள்வி கிளம்பினால் போதும், பாதிச் சபை எழுந்து வெளியே போய் அடுத்த தெருவில் மனை வாங்கிவிடும். கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தது. கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். மதுவிலக்கு இயக்கம் வேரூன்றிய பிறகு, வேல்ஸ் சேப்பல்கள் அதைச் சாறாகத் திருப்பி மாற்றிவிட்டன.

அந்த மதுவிலக்குக் கண்டிப்புக்கும், இறுக்கிப் பித்தான் போட்ட கறுப்புக் கோட்டுக்கும் பின்னால் ஒரு ரோஷம் இருக்கிறது. 1846இல் லண்டன் அரசு மூன்று ஆங்கில வக்கீல்களை வேல்ஸ் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவர அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. வெல்ஷ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, பதில் வராததால் பிள்ளைகள் முட்டாள்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேல்ஸ் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காரணம் என்ன தெரியுமா? சேப்பல். இரவு ஜெபக்கூட்டம் முடிந்து வயசுப்பிள்ளைகள் இருட்டில் சேர்ந்து வீடு திரும்புகிறார்களாம். அறிக்கைக்கு நீல அட்டை போட்டிருந்ததால் 'நீலப் புத்தகத் துரோகம்' என்றே அந்த விவகாரம் பெயர் பெற்றது. நாடே கொதித்தது. கொதித்து என்ன செய்தது? 'எங்களையா ஒழுக்கம் கெட்டவர்கள் என்றாய், பார் இப்போது' என்று ஆங்கிலேயனைவிட ஆங்கிலேயத்தனமாக விறைத்துக்கொண்டது. விக்டோரியா ராணிக்கே கொஞ்சம் அதிகம் என்று தோன்றியிருக்கக்கூடிய விறைப்பு.

சரி, சாவி கிடைத்துவிட்டதென்று வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

சிலுவை இல்லை, சுரூபம் இல்லை, பலிபீடம் இல்லை. நட்ட நடுவில் மேடை போல உயர்ந்து நிற்பது பிரசங்க பீடம். மூன்று பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்களின் மேல் மாடம். வழிபாட்டுத்தலம் என்பதைவிட நாடகக் கொட்டகை என்றால் பொருந்தும். ஆனால் நாடகம் பாவம் என்று இங்கேதான் சொன்னார்கள். இருக்கைகளுக்கு நம்பரும் சின்னக் கதவும் உண்டு. வாடகை கட்டியவருக்கு முன்வரிசை, கட்டாதவருக்கு மாடத்து மூலை. மரம் பெரும்பாலும் மலிவான பைன். அதன்மேல் சாயம் பூசி, சீப்பால் கோடு இழுத்து, ஓக் மரம் போலத் தோன்றச் செய்திருப்பார்கள். மரம் பொய் சொல்லலாம், மனிதன்தான் சொல்லக்கூடாது.

பீடத்தின் காலடியில், சபையைப் பார்த்தபடி வளைந்து கிடக்கும் நீள இருக்கைக்கு 'சேட் வவுர்' என்று பெயர், பெரிய இருக்கை. மூப்பர்கள் அமரும் இடம். வாரம் முழுக்கச் சுரங்கத்தில் கரி வெட்டியவர், ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே அமர்ந்தால் சாதாரண மனிதரல்ல. யார் தாமதமாக வந்தார், யார் தூங்கினார், யார் காணிக்கைத் தட்டில் செம்புக்காசு போட்டார் என்பதெல்லாம் அங்கிருந்து துல்லியமாகத் தெரியும். வேல்ஸ் சமூகத்தின் மெச்சத்தக்க பல காரியங்கள் இந்த இருக்கையைச் சுற்றித்தான் நடந்தன. எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளி ஞாயிறு பள்ளியில் வாசிக்கக் கற்றான். ஸ்வரக்குறிப்பு கற்று நான்கு குரலில் பாடினான். கூட்டத்தில் எழுந்து பேசக் கற்று, பிறகு தொழிற்சங்கத் தலைவனானான். அதை மறுக்க முடியாது.

மறக்கவும் முடியாத இன்னொன்று இதே இருக்கைக்கு முன்னால் நடந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்ணைச் சபை முன் நிறுத்தி, பெயரைச் சொல்லி, உறுப்பினர் பட்டியலிலிருந்து வெட்டி வெளியேற்றுவார்கள். கூட இருந்த பையன் பெரும்பாலும் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். இன்று அதே கூரைக்கடியில் வவ்வால்கள் குடியேறியிருக்கின்றன. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம். அந்தச் சேப்பலிலிருந்து யாரும் வெளியேற்ற முடியாத முதல் உறுப்பினர்கள் அவைதான்.

பிரசங்க பீடத்துக்கு நேர் எதிரே, மாடத்து முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கும். சபையாருக்கு அது முதுகுப்புறம். போதகர் கண்ணில் மட்டும் படவேண்டும் என்று மாட்டியது. படும், ஆனால் பார்க்க மாட்டார். வேல்ஸ் போதகர் சூடேறிவிட்டால் பேச்சு மெல்ல ராகமாக மாறும். அதற்கு 'ஹூயில்' என்று பெயர். ஹூயில் ஏறியவரை நிறுத்தக் கடிகாரத்தால் ஆகாது. சபையார் வாயில் பெப்பர்மின்ட் மிட்டாயை அதக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். இந்த வித்தையின் மூதாதை கிறிஸ்துமஸ் எவன்ஸ் என்ற பாப்டிஸ்ட். 1766 கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் அந்தப் பெயர். ஒற்றைக் கண்ணர். பக்தி மார்க்கத்துக்கு வந்ததும் பழைய சிநேகிதர்கள் கோபத்தில் அடித்ததில் மற்றக் கண் போயிற்று. மீதமிருந்த ஒற்றைக் கண்ணாலேயே கூட்டத்தைக் கலங்கடித்தார் என்கிறார்கள்.

கட்டடக் கலையிலும் போதகர்கள் கை வைத்தார்கள். லாண்டோரைச் சேர்ந்த தாமஸ் தாமஸ் தச்சராகத் தொடங்கி, போதகராகி, நாடெங்கும் ஏராளமான சேப்பல்களுக்கு வரைபடம் போட்டார். முகப்பில் முக்கோணத்தை முட்டும் பெரிய வளைவு தெரிந்தால் அவரையோ அவரைக் காப்பியடித்தவரையோ சந்தேகப்படலாம். உச்சம் தொட்டது 1872இல் மோரிஸ்டன் ஊரில் திறந்த டாபர்நாக்கிள். வரைந்தவர் ஜான் ஹம்ப்ரி. ஊர் தகரத்தகடு ஆலைத் தொழிலாளிகளின் ஊர். செலவு பதினைந்தாயிரம் பவுனுக்கு மேல். கிரேக்கத் தூண், ரோமானிய வளைவு, அதன் பக்கத்தில் கோதிக் கூம்புக் கோபுரம். எந்த பாணி பிடிக்கும் என்று கேட்டபோது 'எல்லாம்' என்று சொல்லியிருப்பார்கள் போல. ஆடம்பரம் பாவம் என்று பிரசங்கித்த சபைக்கு அது வாய்த்தது. குறை சொல்ல மாட்டேன், பார்க்க அழகாகவே இருக்கிறது.

ஆடம்பரம் என்றதும் 'சாலேம்' ஓவியம். 1908இல் கர்னோ வோஸ்பர் என்ற ஆங்கில ஓவியர், லான்பெடர் அருகே உள்ள சாலேம் என்ற சின்ன பாப்டிஸ்ட் சேப்பலுக்குள் வெல்ஷ் மூதாட்டி ஒருத்தி உயரத் தொப்பியும் பூவேலைச் சால்வையுமாக நுழைவதை வரைந்தார். சியான் ஓவன் என்ற அந்தக் கிழவி அணிந்திருந்த சால்வை இரவல். தொப்பி ஒன்றே ஒன்றுதான் கிடைத்ததால் படத்தில் உள்ள பெண்கள் அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். லீவர் பிரபு படத்தை வாங்கி, சன்லைட் சோப்புக்குப் பரிசாக அதன் பிரதியை அனுப்பினார். ஆமாம், நம் வீட்டுத் துணி துவைத்த அதே சன்லைட். சோப்புக் கூப்பன் சேர்த்த வேல்ஸ் வீடுகளிலெல்லாம் படம் தொங்கியது. பிறகு யாரோ ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, சால்வை மடிப்பில் பிசாசின் முகம் தெரிகிறது என்றார். ஓவியர் தான் அப்படி வரையவில்லை என்றார். யார் நம்பினார்கள்? பக்திக்காக மாட்டிய படத்தைப் பிசாசைத் தேடுவதற்காக நூறாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேப்பல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் போதகரோ மூப்பரோ அல்ல, பூட்டு. கரும்புள்ளி வட்டாரத்தில் ல்வின்ரிடோவன் என்ற இடத்தில் 1834இல் கட்டிய யூனிடேரியன் சேப்பல் ஒன்று இருக்கிறது. அதன் போதகர் வில்லியம் தாமஸ். கவிப்பெயர் குவிலிம் மார்லெஸ். குத்தகைக்காரர்கள் பண்ணையாருக்கு எதிராக வாக்களிக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசியவர். நிலம் பண்ணையாருடையது. 1876இல் பண்ணையார் தரப்பு குத்தகையை ரத்து செய்து சேப்பல் வாசலைப் பூட்டிவிட்டது. விளைவு? வழக்கமாகச் சில நூறு பேருக்குப் பிரசங்கித்தவர் பூட்டிய வாசலுக்கு முன்னால் சாலையில் நின்று சுமார் மூவாயிரம் பேருக்குப் பிரசங்கித்தார். ஒரு பூட்டால் இத்தனை ஆள் சேர்த்த பண்ணையார் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார். நாலாபுறமிருந்தும் பணம் குவிந்து, 1879இல் கொஞ்ச தூரத்தில் புதுச் சேப்பல் எழுந்தது, பழையதைவிடப் பெரிதாக, கோபுரத்தோடு. பண்ணையார் அதற்குள் இளவயதிலேயே இறந்துவிட, அவருடைய சகோதரி பழைய சேப்பலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே சபைக்கு இரண்டு கோவில்! தனித்தீவு ஆசாமியின் ஆசை நிறைவேறியது இங்கேதான். போராடிய மார்லெஸ் மட்டும் அதே 1879 டிசம்பரில் நாற்பத்தைந்து வயதில் போய்ச்சேர்ந்தார். அவருடைய சகோதரரின் பேரப்பிள்ளை முறையில் வந்த கவிஞர் டிலன் மார்லெஸ் தாமஸ் பெயரில் பாதியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். மதுவிலக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொரு பூட்டு ஒரு பிரதமரையே உண்டாக்கியது. 1888இல் லான்வ்ரோதன் ஊரில் ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற கல்குவாரித் தொழிலாளி, மகளின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும், அதுவும் சேப்பல் முறைப்படி, என்று சொல்லிவிட்டு இறந்தார். சட்டம் 1880இலேயே அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆங்கிலிக்கன் பாதிரியார் இடம் கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிக்கொண்டார். குடும்பத்தார் இருபத்தைந்து வயது வக்கீல் ஒருவரிடம் யோசனை கேட்டார்கள். 'பூட்டை உடையுங்கள்' என்றார் வக்கீல். உடைத்தார்கள், புதைத்தார்கள். வழக்கு உள்ளூரில் தோற்று, லண்டன் மேல்முறையீட்டில் ஜெயித்தது. வக்கீல் வேல்ஸ் முழுக்கப் பிரபலமாகி, 1890 இடைத்தேர்தலில் பதினெட்டு வாக்கு வித்தியாசத்தில் பாராளுமன்றம் போனார். பெயர் டேவிட் லாயிட் ஜார்ஜ்.

அரசியல் பலம் வந்ததும் சேப்பல்காரர்கள் முதலில் கேட்டு வாங்கியது என்ன? நிலமா, கூலியா? ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடையை மூடும் சட்டம். 1881இல் வந்தது. நவீன காலத்தில் பாராளுமன்றம் வேல்ஸுக்கென்று தனியாகப் போட்ட முதல் சட்டம் அதுதான். தேசிய உரிமையின் முதல் படி, தாகத்தோடு தொடங்கியது.

சட்டத்தில் ஓட்டை இல்லாமலா? நிஜமான பயணிக்குக் கடையில் ஊற்றிக் கொடுக்கலாம். நிஜமான பயணி என்றால் முந்தின இரவு மூன்று மைலுக்கு அப்பால் தங்கியவர். வேல்ஸ்காரர்களுக்குத் திடீரென்று ஞாயிறு காலை நடைப்பயிற்சியில் ஈடுபாடு வந்தது. இந்த ஊர்க்காரன் அந்த ஊருக்கு நடந்தான், அந்த ஊர்க்காரன் இந்த ஊருக்கு நடந்தான். உறுப்பினர் மன்றங்களுக்குச் சட்டம் பொருந்தாது. கார்டிஃப் நகரில் மன்றங்கள் மழைக்காளானாக முளைத்தன. பக்கத்து மன்மத்ஷயர் முதலில் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், எல்லையோர மக்கள் ரம்னி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மோட்சம். சட்டம் என்னவோ தாக்குப்பிடித்தது. 1961இலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றாக நனைந்தது. கடைசியாக வடமேற்கு மூலையில் டுய்வோர் மாவட்டம் 1996இல் நனைந்தது.

கட்டி முடித்த இருக்கைகளை உண்மையிலேயே நிரப்பிக் காட்டியது ஒரே ஒரு குளிர்காலம். 1904 அக்டோபர் 31 திங்கட்கிழமை இரவு, லோகர் ஊர் மோரியா சேப்பலில் ஜெபக்கூட்டம் முடிந்த பிறகும் பதினேழு பேர் எழுந்து போகாமல் இருந்தார்கள். அவர்களிடம் பேசியவர் எவன் ராபர்ட்ஸ், வயது இருபத்தாறு, முன்னாள் சுரங்கத் தொழிலாளி, போதகர் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர். அடுத்த சில மாதங்களில் ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்பது அன்றைய கணக்கு. பத்திரிகைகள் ஊர்வாரியாக எண்ணிக்கை போட்டன. விடியும்வரை பாட்டு, அழுகை, ஒப்புக்கொடுத்தல். நீதிமன்றத்தில் விசாரிக்க வழக்கே இல்லையென்று நீதிபதிகளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். சுரங்க வண்டி இழுத்த மட்டக்குதிரைகள் மட்டும் திண்டாடின. ஓட்டுகிறவர்கள் கெட்ட வார்த்தையை விட்டுவிட்டதால், அவற்றுக்கு உத்தரவு புரியவில்லையாம். சில ரக்பி அணிகள் விளையாட்டே பாவமென்று கலைந்தன.

பாவம் ஓராண்டு தாங்கியது. 1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃப் மைதானத்தில் நியூசிலாந்தின் தோல்வியே அறியாத ரக்பி அணியை வேல்ஸ் 3–0 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் எதிரணி தன் ஹாக்கா நடனத்தை ஆடி முடித்ததும், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம் தாய்நாட்டுப் பாட்டை நான்கு குரலில் எடுத்துப் பாடியது. அந்தக் குரல்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? சேப்பல்தான். பாடகர்கள் மட்டும் வேறு கோவிலுக்கு மாறிவிட்டார்கள். எவன் ராபர்ட்ஸ் 1906இல் உடலும் மனமும் ஓய்ந்து இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஒதுங்கினார். 1951 வரை உயிரோடு இருந்தார்.

பிறகு எல்லாம் இறங்குமுகம். ஆங்கிலிக்கன் சபையின் அரசாங்க அந்தஸ்தைப் பறிக்க வேண்டுமென்று அரை நூற்றாண்டு போராடி, 1914இல் சட்டம் வாங்கி, போரினால் தள்ளிப்போய், 1920இல் ஒருவழியாக ஜெயித்தார்கள். ஜெயித்ததும் சண்டைக்கு ஆள் இல்லை. சேப்பலைக் கொன்றது நாத்திகம் என்று சிலரும், சினிமா என்று சிலரும் சொல்வார்கள். சினிமா கொஞ்சம் உண்மை, வேலையின்மை நிறைய உண்மை. இரு போர்களுக்கும் நடுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வேல்ஸை விட்டுப் போனார்கள். ஆனாலும் எனக்கென்னவோ எதிர்ச்சாரி சேப்பல் மூடியதுதான் பெரிய அடி என்று தோன்றுகிறது. அவன் போன பிறகு யாருக்காக வெள்ளையடிப்பது?

மூடிய கட்டடங்களுக்கு வந்த மறுபிறவிகள் விதவிதமானவை. மாக்கின்லெத் ஊரின் வெஸ்லியன் சேப்பல் கலை அருங்காட்சியகமானது. பான்டிப்ரித்தில் ஒன்று ஊர் அருங்காட்சியகம். கார்டிஃப் க்ரூயிஸ் சாலையின் மெதடிஸ்ட் சேப்பல் ஷா ஜலால் மசூதியானது. குறைந்தபட்சம் மதுவிலக்கு தொடர்கிறது. அதே நகரின் பெம்புரோக் டெரஸ் சேப்பலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கட்டிய ஆண்டையே பெயரில் சேர்த்து 'சேப்பல் 1877' என்று உணவகமும் மதுக்கூடமுமாகச் சில காலம் நடந்தது. பெரிய இருக்கை மூப்பர்கள் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்கள்.

வீம்பு வேறொரு இடத்தில் நன்றாக வேர்பிடித்தது. லண்டன் மிஷனரி சங்கம் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் இளைஞரை உடல்நிலை காட்டி இந்தியாவுக்கு அனுப்ப மறுத்தது. கால்வினிஸ்டிக் மெதடிஸ்டுகள் முறுக்கிக்கொண்டு 1840இல் சொந்த மிஷனையே தொடங்கிவிட்டார்கள். 1841இல் ஜோன்ஸ் போய்ச் சேர்ந்த இடம் சிரபுஞ்சி. உலகிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. வேல்ஸ்காரருக்கு வீட்டு ஏக்கம் வந்திருக்க நியாயமில்லை. அந்த மலையில் வாழும் காசி இன மக்களின் மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார். எவன் ராபர்ட்ஸ் கிளப்பிய வேல்ஸ் எழுப்புதல் 1905இல் காசி மலைக்கும் பரவியது. இன்று மேகாலயாவிலும் மிசோரத்திலும் உள்ள பிரெஸ்பிடேரியன் சபை தன் தாய்ச்சபையைவிடப் பல மடங்கு பெரியது. மிசோரம் சபை அண்மைக் காலத்தில் வேல்ஸுக்கு மிஷனரி அனுப்பியிருக்கிறது.

போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: லாயிட் ஜார்ஜ் சொன்னாரென்று பூட்டை உடைக்க வேண்டாம். 1999இல் தொடங்கிய வேல்ஸ் வழிபாட்டுக் கட்டட அறக்கட்டளை பத்து வாக்கில் பழைய சேப்பல்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ல்வின்ரிடோவனும் அதில் ஒன்று. முன்கூட்டிக் கேட்டால் உள்ளே விடுவார்கள். மற்ற இடங்களில் தகுந்த அனுமதியோடு நுழைந்தாலும் மாடத்துக்கு ஏறாதீர்கள். மரம் உளுத்திருக்கும்.